அறுபது நாள் பூட்டு

கார்டு மெஷின் கேட்டுப் போன வங்கியில்தான் தெரிந்தது,
நெடுவிளைத்தேன் டாட் காம் என்னுடையது அல்ல.
உரிமையாளர்: ஷைஜு, பாறசாலை.
ஏழு வருஷம் முன்பு பக்கம் கட்டித் தந்தவன்.
கூலி பாதி ரூபாய், பாதி தேன்.
களவாணி இல்லை. பெயர் கேட்ட கட்டத்தில்
தன் பெயரைத் தட்டிவிட்டான், அவ்வளவுதான்.

இப்போது ஷார்ஜாவில். நடுராத்திரி கூப்பிட்டேன்.
"கோடு வேணும் ஷைஜு."
"ஏது கோடு, சேச்சி?"
களியக்காவிளையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா?
எங்களுக்குக் கோடு என்றால் ஒன்றுதான்:
சந்தைக்கு அப்பால், மீன்காரியின் கூடைக்கும்
முதல் லாட்டரிக் கடைக்கும் நடுவில்
யாரும் கண்ணால் பார்த்திராத அது.

இது வேறு. பதினாறு எழுத்து.
பழைய பதிவாளர் தந்து
புதியவரிடம் நான் காட்ட வேண்டியது.
அதற்குப் பூட்டைத் திறக்கணும்.
அதற்கும் முன்னால் வங்கிக்கு என் பெயர் வேணும்.
பெயரை மாற்றினோம்.
மாற்றியதற்காக
அறுபது நாள் பூட்டு.

"அது வேண்டாம்னா முன்னாலேயே
ஒரு கட்டத்துல டிக் போட்டிருக்கணும் மேடம்,"
என்றாள் உதவி மையத்துப் பெண்.
ஷைஜு போடவில்லை.
பெயர் காலாவதியாக நாற்பத்தாறு நாள்.
நாற்பத்தாறும் அறுபதும்
எந்த வாய்ப்பாட்டிலும் ஒத்து வரவில்லை.
விட்டுப் போகிற கடைக்கே
இன்னொரு வருஷ வாடகை கட்டினேன்.

மாசி பிறந்துவிட்டது.
ரப்பர் கொழுந்து விட்டு இலைக்காம்பு இனிக்கிற நாட்கள்.
இருநூறு பெட்டி குளத்தூப்புழை போகணும்.
தேனீக்கும் சட்டம் உண்டு:
இருட்டிய பின், எல்லாம் உள்ளே வந்த பின்,
வாசலை அடை. விடியுமுன் இறக்கு.
ஒரு பர்லாங் தள்ளி வைத்தால்
காலையில் பழைய இடத்துக்கே வந்து
வெறும் காற்றை மொய்க்கும்.
தூரமாகப் போ, இல்லையென்றால் போகாதே.

செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர்
லாரியில் ஏறி, ஒரு பெட்டியில் காது வைத்தார்.
நெடுநேரம் வைத்திருந்தார்.
"பேப்பரொன்னும் வேண்டா. பொய்க்கோ."

எங்கள் விளையின் பழைய ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது.
ஐம்பத்தாறில், ஒரு நவம்பர் ஒன்றாம் தேதி,
விளவங்கோடு தாலுகாவே பதிவாளர் மாறியது.
ஒரு தென்னை நகரவில்லை. ஆறு அதே பக்கம் ஓடியது.
அதற்கு இரண்டு வருஷம் முன்
புதுக்கடையில் சுட்டார்கள்.
அது எந்த ஆதாரத்திலும் இல்லை.

அறுபத்தொன்றாம் நாள் கோடு வந்தது.
ஒரு பூஜ்யமா, ஓ எழுத்தா என்று தெரியாமல்
இரண்டு முறை தோற்று, மூன்றாவதில் ஏறியது.
பிறகு ஐந்து நாள் காத்திருப்பு.
பழைய பதிவாளர் வாய் திறக்காவிட்டால்
தந்ததாக அர்த்தமாம்.
மௌனம் சம்மதம் என்று
என் கல்யாணப் பேச்சில் கேட்டிருக்கிறேன்;
அங்கே எனக்கு ஐந்து நாளும் தரவில்லை.

ஆறாம் நாள் காலை, மூன்று வரி மெயில்.
நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றது கடைசி வரி.
பெயரைத் தட்டினேன்.
அதே படம். போன வருஷ விலை.
மேலே பெரிய எழுத்தில்
சுத்தமான தேண்.
தமிழ் எழுத்து அறியாத ஷைஜு
படம் வரைவது போல ஒட்டிய சொல்.
ஏழு வருஷமாக மாற்றச் சொல்லி
அலுத்துப் போய் விட்டுவிட்டேன்.

இனி நானே திருத்தலாம்.
கர்சரை அந்த மூன்று சுழியின் பக்கத்தில் நிறுத்தினேன்.
துடித்துக்கொண்டு நின்றது.

சாயங்காலம் பார்க்கலாம்.
ஆறரைக்கு லாரி வருகிறது.
குளத்தூப்புழையில் பெட்டி திறக்கணும்.